கத்தி படாத மணிக்கட்டு

ஆவணி மூலத்தன்று மதுரையின் பாதி ஆரப்பாளையத்தில் இருக்கும். மீனாட்சியும் சொக்கநாதரும் புட்டுத்தோப்பு மண்டபத்துக்கு எழுந்தருள, வந்திக் கிழவிக்காக இறைவன் கூலியாளாய் வந்து மண் சுமந்த லீலை அங்கே நடத்திக் காட்டப்படும். மாணிக்கவாசகர் காலத்திலேயே வழங்கிய கதை. பரஞ்சோதி முனிவர் அதை விரித்துப் பாடினார். உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்ற ஆள், கொஞ்சம் மண்ணைச் சுமந்துவிட்டு மர நிழலில் படுத்துத் தூங்கிவிட்டான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி எல்லா உயிர்களின் மேலும் விழுந்தது. உரைகாரர்களும் பிரசங்கிகளும் அடி விழுந்த இடத்திலேயே நின்று உருகுவார்கள். நம் கவனம் அதற்குச் சற்று முன்பே, அவன் தூங்கிய இடத்தில் நின்றுவிடுகிறது. வேலைக்கு நடுவே ஓய்வெடுத்த கூலியாளும், அதற்காக அவன் பெற்ற தண்டனையும் பற்றிய கதை, வைகையின் தென்கரையில் இந்தக் குறிப்பிட்ட இடத்தில் நிலைகொண்டிருப்பது தற்செயல்தான். ஆனால் அதே பகுதிக்கு அருகில், இரயில் நிலையத்துக்கு மேற்கே, 1892இல் ஒரு நூற்பாலை ஓடத் தொடங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், தற்செயலுக்கும் ஒரு பொருள் வந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்களின் ஆலை அது. ஆவணங்களில் மதுரா மில்ஸ். ஊர் வாயில் ஹார்வி மில். 1974இல் மதுரா கோட்ஸ் ஆயிற்று. பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் அவர்களுக்கு ஆலைகள் இருந்தன. 1908இல் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் நடந்த கோரல் மில் அவற்றுள் ஒன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மதுரை ஆலையின் சங்கு முதலில் ஊதியபோது, வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவன் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பே இல்லை. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குப் பதினொரு மணி நேரம் என்று கோடு போட்டிருந்தது. ஆண்களுக்கு, அதுவும் நெசவு நூற்பு ஆலைகளில் மட்டும், 12 மணி நேரம் என்ற எல்லை 1911இல்தான் வந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, 1946இல் 48. இந்த எண்களைத் தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் உரிமைகளின் கணக்காகப் படிப்பார்கள். அது சரிதான். நாம் இங்கே அவற்றை வேறொரு கணக்காக, ஒரு மணிக்கட்டு ஒரு நாளில் எத்தனை முறை மடங்கி நிமிர்ந்தது என்ற கணக்காகப் படித்துப் பார்க்க விரும்புகிறோம்.

நூற்பாலையில் இயந்திரம் நூற்கிறது. அறுந்த இழையை ஒட்டுவது கை. சைடர் என்று அழைக்கப்பட்டவர், சுழலும் கதிர்களின் வரிசை நெடுக நடந்து, அறுந்த இழையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் திரித்து ஒட்டுவார். நிறைந்த கதிர்களைப் பிடுங்கி வெறும் குழல்களைச் செருகுவது டாஃபரின் வேலை. நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் பெண்கள் பெருமளவில் இருந்தனர். கூம்புகளில் நூல் சுற்றும் இயந்திரங்கள் வந்தபின், முடிச்சுப் போடும் சிறு கருவியொன்றை உள்ளங்கையில் பட்டையிட்டு மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் அதன் நெம்பை அழுத்தி அழுத்தி ஒரு முழு ஷிப்டையும் கழித்தவர்கள் உண்டு. முடிச்சு இல்லாமல் காற்றழுத்தத்தால் இழைகளைப் பிணைக்கும் இயந்திரம் பிற்காலத்தில் வந்து அந்தக் கட்டைவிரலை விடுவித்தது. பல இடங்களில் வேலையிலிருந்தும் விடுவித்தது.

இப்போது மணிக்கட்டுக்கு வருவோம். உள்ளங்கை தொடங்கும் இடத்தில் எட்டுச் சிறிய எலும்புகள் ஒரு வளைவாக அமைந்திருக்கின்றன. அந்த வளைவின் மேல், கூரை போல, ஒரு தடித்த நார்ப்பட்டை. இவற்றுக்கு இடையே உள்ள குறுகிய வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் செல்கின்றன. நடு நரம்பு என்று அதற்குப் பெயர். தசைநாண்களின் உறை வீங்கினாலோ, உடலில் நீர் கோத்தாலோ, வழி நெருக்கடியாகும். விட்டுக்கொடுக்க முடியாத எலும்புக்கும் நார்ப்பட்டைக்கும் நடுவே நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும். இரவில் எரிச்சலும் ஊசி குத்தலும் எழுப்பிவிட, கையை உதறினால் சற்றுத் தணியும். இதைக் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறார்கள். தமிழில் ‘மணிக்கட்டுக் குகை நோய்’ என்று எழுதுபவர்கள் உண்டு. குகை என்ற சொல் நமக்குச் சற்று மிகையாகத் தோன்றுகிறது. அங்கே இருப்பது ஒரு சந்து, அதுவும் நம் வடக்குமாசி வீதிச் சந்துகளைப் போல, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டிய சந்து.

இந்த நோயின் எழுதப்பட்ட வரலாறு, அறுவைச் சிகிச்சையில் தொடங்கவில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. இலண்டனின் ஜேம்ஸ் பேஜட், 1850களில் அச்சான தம் அறுவை நோய்க்குறியியல் சொற்பொழிவுகளில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். மணிக்கட்டருகே எலும்பு முறிந்து, கூடியபோது புதிதாக வளர்ந்த எலும்பு நடு நரம்பை அழுத்தியது. கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் ஆறாத புண்கள். எந்த மருந்துக்கும் புண் கேட்கவில்லை. கடைசியில் உள்ளங்கைப் பக்கம் தளர்ந்திருக்கும்படி மணிக்கட்டை வைத்துக் கட்டியதும், நரம்பின் மேலிருந்த அழுத்தம் நீங்கிப் புண் ஆறியது. கட்டை அவிழ்த்துக் கையைப் பழையபடி புழங்கத் தொடங்கினால் மீண்டும் புண். ஆக, முதல் மருத்துவம் ஒரு கட்டு. அந்தக் கட்டின் எல்லையும் அதே பக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

1880இல் பாஸ்டனின் ஜேம்ஸ் புட்னம் 37 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலோர் பெண்கள். இரவில் எழுப்பும் மரமரப்பு, கையைத் தொங்கவிட்டாலோ உதறினாலோ வரும் ஆறுதல் எல்லாவற்றையும் அவர் துல்லியமாகக் குறித்திருந்தார். காரணம்தான் பிடிபடவில்லை. 1913இல் பாரிஸின் பியர் மரியும் ஷார்ல் ஃபோவாவும் ஒரு பிணக்கூறாய்வில் நார்ப்பட்டைக்கு அடியில் நரம்பு நசுங்கியிருந்ததைக் கண்டு, பட்டையை வெட்டிவிட்டால் தசை மெலிவதைத் தடுக்கலாமே என்று எழுதி வைத்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகள் மருத்துவ உலகம் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் கூடுதலாக வளரும் விலா எலும்புதான் கைகளை மரக்கச் செய்கிறது என்ற கொள்கையின் பேரில் எத்தனையோ விலா எலும்புகள் அறுத்தெடுக்கப்பட்டன. நோய் மணிக்கட்டில்; கத்தி கழுத்தில். 1947இல் ரஸ்ஸல் பிரெயினும் அவருடைய இரு தோழர்களும் ஆறு நோயாளிகளை வைத்து, அழுத்தம் மணிக்கட்டில்தான் என்பதை நிறுவினார்கள். ஆறு பேரும் பெண்கள். பின்னர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜார்ஜ் ஃபேலன் 1950களிலும் 60களிலும் தொடர்ந்து எழுதி, இந்த நோயை ஒவ்வொரு மருத்துவரும் அறிந்த ஒன்றாக்கினார்.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. தமிழ்நாட்டில் விரல் மரத்துப்போவதற்கு வேறொரு பொருளும் இருந்தது. அந்தப் பொருளைச் சொல்லால் சொல்லவே வீடுகள் அஞ்சின. தொழுநோயும் நரம்புகளைத் தாக்கும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே நடு நரம்பையும், அதைவிட அதிகமாக முழங்கையருகே சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்பையும். உணர்வற்ற விரல் என்றாலே மறைத்து வைத்த குடும்பங்களில், வெறும் மணிக்கட்டு நெருக்கடியால் அவதிப்பட்டவர்களும் வாய்மூடி இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பது மிகையாகாது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்து தசைநாண் மாற்று அறுவைக்காக உலகப் புகழ் பெற்றார். ஆனால் அவர் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியது அறுவையைவிட எளிய செய்தி ஒன்றை: வலி என்பது காவல்காரன், அவன் போய்விட்டால் கை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இது மணிக்கட்டு நோய்க்கும் பொருந்தும். மாதக்கணக்கில் இரவுகளைக் கெடுத்த எரிச்சல் ஒருநாள் தானாகவே நின்று, விரல் நிரந்தரமாக மரத்திருந்தால், அது குணமன்று; நரம்பு முறையிடுவதை நிறுத்திவிட்டது. ‘வலி விட்டுப்போச்சு’ என்று மகிழ்ந்து மருத்துவரை விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் விடுகிறார்கள்.

கத்தியில்லாத வழிகளில் மூத்தது கட்டு என்றோம். அது ஏன் பயன்தருகிறது என்பது பேஜட்டுக்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகே அளந்து காட்டப்பட்டது. 1981இல் ரிச்சர்ட் கெல்பர்மனும் அவர் குழுவினரும் மெல்லிய குழாயை அந்தச் சந்துக்குள் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நோயில்லாதவர்களுக்கு, மணிக்கட்டு நேராக இருக்கையில், சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவு. நோயாளிகளுக்கு 32. நோயாளி மணிக்கட்டை உள்ளே மடக்கினால் 94. பின்னுக்கு வளைத்தால் 110. இந்த எண்கள் நமக்குப் பல நூல்களைவிட அதிகம் சொல்கின்றன. மனிதர் உறங்கும்போது கையை மடக்கி முகத்தடியில் வைத்துக்கொள்கிறார். பகலெல்லாம் உழைத்து வீங்கிய சந்து, இரவில் மூன்று மடங்கு நெருக்கப்படுகிறது. நடுச்சாமத்தில் எழுந்து கையை உதறுவதன் காரணம் இதுதான். ஆகவே மணிக்கட்டை நேராக, மடங்காமல் நிறுத்தும் தாங்கு பட்டையை இரவில் கட்டிக்கொள்வது முதல் மருத்துவம். பேஜட் கட்டியதைப் போல மடக்கிக் கட்டுவதன்று. அது அந்த முறிந்த எலும்புக்கு மட்டும் பொருந்தியது. கடைகளில் விற்கும் சில பட்டைகள் மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து நிறுத்துகின்றன. அவை பயன்தராமல் போவதற்கு மேற்சொன்ன 110 என்ற எண்ணே சான்று.

இந்தப் பட்டைக்கான சான்றுகள் வலுவானவை என்று சொல்லிவிட முடியாது. 2023இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பயன் இருக்கலாம், உறுதி குறைவு, தீங்கும் குறைவு என்ற தொனியிலேயே பேசுகிறது. ஆறு வாரம் இரவுதோறும் கட்டிப் பார்ப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பது நம் கருத்தும்கூட.

அடுத்தது ஊசி. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார். 1950இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வீக்கத்தை அடக்கும் அந்த மருந்துக் குடும்பத்தை மணிக்கட்டுச் சந்துக்குள் செலுத்துவதை ஃபேலன் காலத்திலேயே தொடங்கிவிட்டார்கள். 2018இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வொன்றில் 234 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு ஒரே ஓர் ஊசி, மற்றவர்களுக்கு இரவுப் பட்டை என்று ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் ஊசி முந்தியது. ஆறு மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். 2013இல் வெளியான சுவீடன் ஆய்வு இன்னும் கடுமையான உண்மையைச் சொன்னது: ஊசி போட்டவர்களிலும் நால்வரில் மூவர் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனார்கள். ஊசி காலத்தை வாங்கித் தருகிறது. கருவுற்ற பெண்ணுக்கு அது பெரிய உதவி. கர்ப்ப காலத்தில் வரும் இந்த நோய் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணிந்துவிடுவதால், பலருக்கு அந்த ஊசிகூட வேண்டாம், பட்டையே போதும். தைராய்டு குறைபாட்டாலோ நீரிழிவாலோ வந்ததென்றால் முதலில் கவனிக்க வேண்டியது அவற்றையே. கைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே தைராய்டை மறந்துவிட்ட குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

யோகம் பற்றி இரண்டு வார்த்தை. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் மரியன் கார்ஃபிங்கல் வெளியிட்ட ஆய்வு, பி.கே.எஸ். ஐயங்காரின் வழியில் அமைந்த ஆசனங்களை 42 பேரிடம் எட்டு வாரம் சோதித்தது. கைப்பிடி வலுவிலும் வலித் தணிவிலும் ஆசனம் செய்தோர் முன்னேறினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் அலட்சியம் செய்யத் தக்கதன்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயைக் கண்டறிய ஃபேலன் சொன்ன சோதனை, இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து விரல்கள் கீழ்நோக்கியிருக்க ஒரு நிமிடம் நிற்பது. விரல் மரத்தால் நோய். அதன் தலைகீழ் வடிவம் நம் வணக்கம். உள்ளங்கை கூப்பி முழங்கையை உயர்த்தி நீண்ட நேரம் நின்றால் அதுவும் சந்தின் அழுத்தத்தைக் கூட்டும். எனவே ஆசனம் என்ற பெயரில் எதையும் எவ்வளவு நேரமும் செய்யலாம் என்பதில்லை.

சித்த மருத்துவம் புற மருந்து முப்பத்திரண்டு என்று வகுத்திருக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம் எல்லாம் அதில் அடக்கம். மதுரை வீடுகளில் கை மரத்தால் முதலில் நடப்பது எண்ணெய் தேய்த்து நீவுவதும் நொச்சியிலை ஒற்றடமும்தான். முன்கையிலும் தோளிலும் நீவிவிடுவதன் ஆறுதலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மணிக்கட்டின் நடுவிலேயே கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பது, ஏற்கெனவே நசுங்கிய நரம்பை மேலும் நசுக்குவது. உணர்விழந்த விரலில் சூடான ஒற்றடம் வைத்துக் கொப்புளம் வாங்குவதும் நடக்கிறது. இந்தப் பட்டியலில் ‘கட்டு’ முதன்மையாக மதிக்கப்பட்டிருப்பது நமக்கு மகிழ்ச்சி. மேற்கில் 1970களில் பி6 வைட்டமின் இந்நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை பரவியது. பின்வந்த சோதனைகள் அதைத் தாங்கவில்லை. அளவுமீறி விழுங்கினால் அந்த வைட்டமினே நரம்பைக் கெடுக்கும். வலி மாத்திரைகளும் நீரிறக்கும் மாத்திரைகளும் வெற்று மாத்திரையைவிட மேலானவை அல்ல என்று 1998இல் தைவானில் காட்டினார்கள்.

இனி மருத்துவம் கைவிடும் இடம். இத்தனை வழிகளும் ஓய்வு என்ற ஒன்றைத் துணையாகக் கேட்கின்றன. ஆலைத் தொழிலாளிக்கு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வைத் தந்தது. அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. காலப்போக்கில் அவை 29 ஆயின. பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் அதில் உண்டு. நுரையீரலைப் பார்த்த சட்டம், இழை ஒட்டிய கையைப் பார்க்கவில்லை; மணிக்கட்டு நோய் அந்த 29இல் இல்லை. பிரிட்டன் 1993இல், அதிரும் கருவிகளோடு உழைப்பவர்களுக்கு இதைத் தொழில்நோயாக ஏற்றது. அழுத்திப் பிடித்தல், திரும்பத் திரும்பச் செய்தல், அதிர்வு ஆகிய மூன்றும் நோயோடு தொடர்புடையவை என்பதற்குச் சான்று போதிய அளவு உள்ளது. கணிப்பொறி விசைப்பலகையின் மேல் சுமத்தப்படும் பழிக்குத்தான் சான்று மெலிவு. செய்தித்தாள்கள் எப்போதும் விசைப்பலகையையே படம் போடுகின்றன. சுங்குடி முடிச்சுப் போடுபவளின் கையைப் போட்டு நாம் பார்த்ததில்லை.

சுங்குடி என்றதும் அந்தக் கைகளுக்கு வந்தாக வேண்டும். சௌராஷ்டிர நெசவாளர் மரபில் வந்த மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியின் ஒரு நுனியை விரல்களால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கினால் ஒரு புள்ளி. ஒரு சேலையில் இப்படி ஆயிரக்கணக்கில். கட்டுபவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். அவ்வாறே 2013இல் குறியீடு பெற்ற மதுரை மல்லியை நாரில் தொடுக்கும் கைகளும். கிள்ளுதல், இறுக்குதல், மணிக்கட்டை மடக்குதல் ஆகிய மூன்றும் ஒரே அசைவில் சேர்ந்திருக்கும் தொழில்கள் இவை. ஆலைக்குள் நுழைந்த எந்தச் சட்டமும் இந்தத் திண்ணைகளுக்கு வந்ததில்லை. இங்கே சங்கு ஊதுவதில்லை. எனவே வேலை முடிவதும் இல்லை. முடிச்சுக்குக் கூலி, முழத்துக்குக் கூலி என்னும்போது, ஆறு வாரம் கையை ஆறப் போடுங்கள் என்ற அறிவுரைக்கு ஒரு விலை இருக்கிறது, அதை மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை.

அறுவையே கூடாது என்பது நம் கட்சியன்று. கட்டைவிரலின் அடிமேடு மெலிந்து குழிவிழத் தொடங்கினாலோ, மரமரப்பு நாள் முழுதும் நீங்காமல் நின்றாலோ, பட்டையையும் ஊசியையும் நம்பிக் காலம் கடத்துவது நரம்பை இழப்பது. நார்ப்பட்டையை வெட்டிவிடும் அறுவை சிறியது, பெரும்பாலும் வெற்றி தருவது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகள் பலருக்கு உண்டு. அந்த ஆண்டுகளில் இரவுப் பட்டையும், வேலையினிடையே சிறு சிறு இடைவெளியும், கிள்ளுவதற்கு ஒரு சிறு கருவியும், கைமாற்றி வேலை செய்யும் பழக்கமும் கிடைத்தால், பலர் கத்திவரை போகாமலே இருக்கலாம்.

ஆரப்பாளையத்துக்கு எதிர்க்கரையில், தத்தனேரியில், தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனை இருக்கிறது. ஆலைச் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் காப்பீட்டு அட்டையோடு பாலத்தைக் கடந்து அங்கே போய்வந்தார்கள். சுங்குடி கட்டும் பெண்ணுக்கும் பூத்தொடுக்கும் பெண்ணுக்கும் அந்த அட்டை இல்லை. அவர்கள் அரசு இராசாசி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் ஒரு நாள் கூலி.